வாளி நிறையத் தண்ணீர்

பனியன் கம்பெனியில் என் வேலையே துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்குகிறது என்று பார்ப்பதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவர் தூத்துக்குடிப் பக்கத்து அம்மா. டெய்லர். இந்தச் சித்திரையில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஒரு வாரம் போகும்போது என்னிடம் ஒரு பொறுப்பை விட்டுப் போனார். பால்கனியில் பெயிண்ட் டப்பாவில் வளரும் பிச்சிக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜாதிமல்லிதான், அவர் பிச்சி என்பார். அவருடைய அம்மா வீட்டிலிருந்து ஒடித்து வந்த கம்பு அது. அந்த வீட்டை அண்ணன்மார் விற்று, வாங்கியவர் இடித்துவிட்டார். இன்னொரு கம்பு ஒடிக்க அங்கே கொடி இல்லை.

“மறந்துராதீங்க அண்ணாச்சி. மொதமொதலா மொட்டு வச்சிருக்கு.”

“நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க. நானாச்சுங்க” என்றேன்.

மறுநாளே என் மனைவிக்கு மடத்துக்குளத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. மாமியார் வீட்டுச் சாப்பாட்டை நினைத்து எனக்கும்தான். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. வண்டி துடைக்க வைத்திருந்த வேஸ்ட் துணிப் பையில் கைக்கு வந்ததை உருவித் திரியாகத் திரித்தேன். ஒரு முனை ஸ்டூல்மேல் வைத்த வாளிக்குள், மறுமுனை மண்ணுக்குள். வெயிலில் இலை ஈரத்தை விட விட, வேர் மண்ணிலிருந்து இழுக்கும். மண் காயக் காயத் திரியிலிருந்து இழுக்கும். திரி வாளியிலிருந்து இழுக்கும். ஈரமுள்ள இடத்திலிருந்து காய்ந்த இடத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும் என்று மனைவிக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

“ஏனுங்க, போகுதான்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போலாமுங்களே?” என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன். செடியை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

திரும்பி வந்து மாடி ஏறியபோது, வாளி கிட்டத்தட்ட வைத்தபடியே நிறைந்திருந்தது. பக்கத்தில் பிச்சி சருகாகி நின்றது. மொட்டுகள் காம்போடு கருகியிருந்தன. திரியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. கிரே துணி. நிட்டிங் மிஷினிலிருந்து வந்து, இன்னும் பிளீச்சிங்குக்குப் போகாதது. பஞ்சின் மெழுகும் மிஷின் எண்ணெயும் போகும்வரை அது தண்ணீர் குடிக்காது. சேப்பங்கிழங்கு இலைமேல் விட்ட மாதிரி சொட்டு உருண்டு ஓடும். இது எனக்குத் தெரியாவிட்டால் திருப்பூரில் வேறு யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே தண்ணீரை வைத்துக்கொண்டு அந்த வேர் எவ்வளவு இழுத்துப் பார்த்திருக்கும்!

மாலையே அந்த அம்மா வந்துவிட்டார். கோயில் திருநீறை என் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். செடியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

“துணி சரியில்லீங்க” என்று ஆரம்பித்தேன். நான் சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குப் போனதையும் சொல்லவில்லை.

“துணி என்ன செய்யும் அண்ணாச்சி? நீங்க வாளி நெறையத்தான் வச்சிருக்கீங்க. குடிக்க அதுக்குக் குடுத்து வைக்கல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். மண் காய்ந்து சுருங்கி, டப்பாவை விட்டு விலகியிருந்தது. தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி, அடி ஓட்டை வழியாக அப்படியே என் காலடிக்கு வந்தது.

“நாளையும் ஊத்திப் பாப்போம். நான் ஷிப்டுக்குப் போயிருவேன். நீங்க ஊத்துவீங்கல்லா?”

தினமும் ஊற்றுகிறேன். இப்போது மண் நன்றாகவே தண்ணீரைக் குடிக்கிறது. அதிலிருந்து இழுக்கத்தான் அங்கே உயிருள்ள வேர் இல்லை. அதை அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.