பட்டன் அக்கா லெந்துக்கு விட்டது

லிஃப்ட்காரர் வீட்டுக் கதவை உடைத்துவிட்டார்களாம். சொன்னது இஸ்திரிக்காரர். அவருக்குச் சொன்னது தண்ணீர் கேன் போடுகிறவர். கேன்காரரும் நேரில் பார்த்தவரில்லை. கீழ்வீட்டில் கேனை இறக்கும்போது அந்த வீட்டம்மா யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கி வந்தவர். இப்படி வாய் மாறி வாய் மாறி வந்த சேதி, சலவைக்கடையின் பின்கட்டில், நீராவிக்கு நடுவே, பட்டன் அக்காவிடம் வந்து சேர்ந்தது.

"எந்த லிஃப்ட்காரர்?" என்று கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள். ஊரில் இன்னொரு லிஃப்ட்காரர் இருந்துவிட மாட்டாரா என்ற நப்பாசை.

"உங்க ஆளுதான்க்கா. லெந்துக்குத் தத்தெடுத்தீங்களே, அவரு."

"உடைச்சு?"

"உடைச்சு என்னாச்சுன்னு தெரியல. கேன்காரன் கதவோட நிறுத்திட்டான். அவனுக்கு அடுத்த தெருவுல டெலிவரி."

பாதி தைத்த கோட்டு பட்டன் நூலில் தொங்க, ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டு அக்கா போனை எடுத்தாள். அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான்.

"எடுக்கலியா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"எடுப்பாரு. கோவத்துல இருக்காரு." சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை போட்டாள்.

பட்டன் அக்கா என்பது கடை வைத்த பெயர். சலவைக்கு வரும் துணிகளில் அறுந்த பட்டன், பிரிந்த மடிப்பு, பல் போன ஜிப் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். எந்தச் சட்டையில் எது விழுந்திருந்தாலும் தன் டப்பாவைக் கிளறி ஜோடி பிடித்துவிடுவாள். "எங்கக்கா பட்டனுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வச்சாங்க, தனக்குத்தான் பாக்கல" என்று இஸ்திரிக்காரர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். தம்பியைக் கூட்டிக்கொண்டு பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவள். தைத்துத் தைத்து அவனைப் படிக்க வைத்தாள். அவன் விமானம் ஏறி வேறொரு தேசத்துக்குப் போய்விட்டான். ஞாயிறு தோறும் கூப்பிடுவான். சொந்த ஊரில் அம்மா இறந்த சேதியும் போனில்தான் வந்தது. அன்றிலிருந்து அக்காவுக்குப் போன் தலையணைக்கு அடியில்தான் தூங்கும்.

அவள் போகும் மெதடிஸ்ட் சபையிலும் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். ஆளுக்கொரு திக்கிலிருந்து வந்தவர்கள். வேளைகெட்ட வேளையில் போன் மணி அடித்தால் எல்லோரும் பதறி எழுந்து உட்காருவார்கள். யாருடைய அப்பாவோ, யாருடைய அக்காவோ என்று.

இந்த லெந்துக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கு, சபையின் முன்னோர் நடத்திவந்த வகுப்புக் கூட்டத்தை வங்கிக்காரர் மறுபடி தொடங்கியிருந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வகுப்புத் தலைவர். வாரத்துக்கொரு மாலை சபைக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராக முகம் பார்த்து, "உங்க ஆத்துமா எப்படி இருக்கு?" என்று கேட்பார். முதல் வாரம் நர்ஸ், "நைட் டூட்டியில இருக்கு பிரதர், பகல்ல தூங்குது" என்றாள். கூடமே சிரித்தது. அதற்கப்புறம் எல்லோரும், "நல்லா இருக்கு பிரதர்" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

லெந்துக்கு ஆளுக்கு இரண்டு வேலை. பிடித்தமான ஒன்றை விட வேண்டும்; சபைக்கு வெளியே, தனியாய் இருக்கும் ஒருவரைத் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கிக்காரர் டீயை விட்டார். தலைவலியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். நர்ஸ் சர்க்கரையை விட்டாள். பட்டன் அக்காவுக்கு விடுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வயிற்றுப் புண்ணால் டீ கிடையாது. டிவி கிடையாது. இனிப்பு பிடிக்காது. விடுவதற்கும் கொஞ்சம் வசதி வேண்டித்தான் இருக்கிறது. அதனால் இரண்டாவது வேலையில் முழுசாய் இறங்கினாள்.

அவளுக்கு வாய்த்தவர்தான் லிஃப்ட்காரர். காலமெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மேல்மாடியில் தனியாக இருந்தார். சூப்பும் ரொட்டியும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் போய் நின்றவளிடம், "லிஃப்ட்காரன் வீட்டுக்குப் படியேறி வந்தீங்களா? ஆண்டவருக்கு நல்லாவே கிண்டல் வருது" என்றார்.

"ஐயா, நாங்க சர்ச்சுலருந்து..."

"ஐயான்னு கூப்பிடாதீங்க, வயசாயிடும். அண்ணேன்னு சொல்லுங்க. சூப்ப வச்சிட்டு ஜெபத்த எடுத்துட்டுப் போயிடுங்க."

அவள் ஜெபத்தை எடுத்துக்கொண்டுதான் போனாள். அடுத்த முறை சூப்போடு அவருடைய சட்டைக்குப் பட்டன்களும் கொண்டு போனாள். மனைவி இறந்ததிலிருந்து மூன்று சட்டைகளும் ஊக்குப் போட்டுத்தான் நின்றிருந்தன. அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். மகன் எங்கே என்று கேட்டதற்கு, "மேல எங்கியோ ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டான். எத்தன தடவ பட்டன அழுத்தினாலும் எறங்க மாட்டேங்குறான்" என்றார். அவள் அடுத்த பட்டனை எடுத்தாள்.

கிளம்பும்போது தன் நம்பரைக் கொடுத்து, "எந்த நேரமானாலும் கூப்பிடுங்கண்ணே" என்றாள்.

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். "இதுல இதுவரைக்கும் ஒரே நம்பர்தான். எங்க கம்பெனி அவசர நம்பர். லிஃப்டுல மாட்டுனவங்க கூப்பிடுறது. இப்ப அதுல யாரும் எடுக்குறதில்ல. இனி நீங்கதான்."

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அழைப்பு வரும். "பட்டனம்மா, நான்தான். இன்னும் இருக்கேன். உங்க பாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க, அடக்க ஆராதனை இன்னைக்கும் தள்ளிப் போச்சுன்னு." அவள் வாயைப் பொத்திச் சிரிப்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் மட்டும் போனை வைக்காமல் கேட்டார். "உங்க லெந்து நாப்பது நாள்தானே? நாப்பத்தோராவது நாள் நான் உங்களுக்கு யாரு?"

"அப்பவும் எங்கண்ணன்தான்" என்றாள்.  "பாப்போம்" என்று அவர் வைத்துவிட்டார்.

லெந்து பாதி தாண்டியதும் சபையின் உற்சாகம் வடியத் தொடங்கியது. விட்டவர்களெல்லாம் விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். வங்கிக்காரர் வாயிலேயே டீ வாசனை அடிப்பதாக நர்ஸ் கிசுகிசுத்தாள். அந்த வார வகுப்பில் அவர் கலங்கிப்போய், "வலிக்கிற மாதிரி ஒண்ண விடணும். நம்மள்ல யாராவது அப்படி விட்டிருக்கோமா?" என்றார்.  பட்டன் அக்காவுக்குத் தலையணைக்கு அடியில் இருப்பது நினைவுக்கு வந்தது.

"நான் போன விடுறேன் பிரதர். சாயங்காலம் அணைச்சு வச்சிட்டு விடிஞ்சப்புறம்தான் போடுவேன்."

 அது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வங்கிக்காரர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "சிஸ்டர், இதுதான் லெந்து" என்றார். அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். அடுத்த வகுப்பிலிருந்து வாசலில் ஒரு பிரம்புக்கூடை வந்து உட்கார்ந்தது. எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் வட்டத்துக்கு வர வேண்டும். பட்டனைத் தவிர வேறெதற்காகவும் அவளை யாரும் புகழ்ந்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனபோது அவள் கால் தரையில் பாவவில்லை.

லிஃப்ட்காரரிடமும் சொன்னாள்.

"மத்தியானம் கடையில இருக்கும்போது கூப்பிடுங்கண்ணே. பேசுவேன்."

"மத்தியானம் உசுரோட இருக்குறத எதிர் வீட்டுக் கொழந்தைகூடச் சொல்லிடும். சாயங்காலந்தானே எனக்கே சந்தேகம்." பிறகு அவரே சிரித்துவிட்டார். "சரி போங்க. உங்க ஆண்டவர் பெரிய இடம். அவரோட போட்டி போட முடியுமா? ஈஸ்டர் வரைக்கும் தாங்குவேன்."

அவர் மத்தியானம் கூப்பிடவே இல்லை. அவளும் வேலை மும்முரத்தில் ஒருநாள் கூப்பிட்டாள், ஒருநாள் மறந்தாள்.

முந்தாநாள் காலை, இரவில் அணைத்துப் போட்டு வைக்கும் பிஸ்கட் டின்னிலிருந்து போனை எடுத்து உயிர் கொடுத்தபோது, அவர் நம்பர் வரிசையாய் வந்து நின்றது. சாயங்காலம் ஒன்று. இருட்டியபின் சில. விடியும் முன் ஒன்று. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அண்ணனுக்கு வம்புக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைக்குப் போகும் வழியில் திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். சூப்பில் உப்புக் குறைந்ததற்கே ஒரு நாள் முழுக்கப் பேசாதவர். அன்றைக்கு ஒரு ஹோட்டலின் மேஜை விரிப்புகள் மலையாய் வந்து குவிந்திருந்தன. நாளை போகலாம் என்று தள்ளிப்போட்டாள். மறுநாளும் விரிப்புகள் தீரவில்லை. அதற்கு மறுநாள்தான் கேன்காரர் வந்தார்.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினாள். கட்டடத்தின் படிகளை எப்படி ஏறினாள் என்று தெரியாது. கதவு இருந்தது, பூட்டு இருந்த இடத்தில் பிளந்த மரமும், குறுக்கே அடித்த ஒரு பலகையும். எதிர் வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள்.

"நீங்க சர்ச்சுக்காரங்கதானே? உங்களத்தான் தேடுனோம்."

"என்னாச்சும்மா?"

"ரெண்டு நாளா பேப்பர் வாசல்லயே கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேந்து ஒடச்சாங்க. சமையக்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல கெடந்தாரு. ஆம்புலன்ஸ் வந்து கொண்டு போச்சு."

"பேச்சு இருந்துச்சா?"

"கண்ணு தெறந்திருந்துச்சு." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "கையில போன இறுக்கிப் புடிச்சிருந்தாரு. எடுக்கப் பாத்தாங்க, முடியல. அப்படியே தூக்கிட்டுப் போனாங்க. சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க. சூப் கொண்டாற அக்கா ஒருத்தங்க இருக்காங்கன்னேன். பேரு தெரியலியே, நம்பரும் தெரியலியே எங்களுக்கு."

"எந்த ஆஸ்பத்திரி?"

"யாரு கண்டாங்க? ஒண்ணு, பெரியாஸ்பத்திரி. இல்லன்னா பைபாஸ் தாண்டி இருக்கே, அது."

படியில் உட்கார்ந்து பெரியாஸ்பத்திரிக்குப் பேசினாள். அவர் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். பெயர் தெரியாமல் வந்தவர்களைப் பற்றி நேரில்தான் விசாரிக்க வேண்டுமாம். மற்ற ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவே இல்லை. அவர் நம்பருக்குப் போட்டாள். மணி அடித்தது. அடிக்கிறதென்றால் போனில் இன்னும் உயிர் இருக்கிறது. அதை யாரோ சார்ஜில் போட்டிருக்கிறார்கள். அல்லது இந்த ரெண்டு நாளும் அவளைத் தவிர யாருமே கூப்பிடாததால் சார்ஜ் தீராமல் கிடக்கிறது.

பஸ் பிடித்து இரண்டு இடமும் அலைந்தால் பார்வை நேரம் முடிந்துவிடும். பாஸ்டர் அன்று இன்னொரு சபைக்குப் போயிருந்தார். நாலு சபைக்கு அவர் ஒருவர்தான். கார் இருப்பது வங்கிக்காரரிடம். அன்று வகுப்பு நாள்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. நடு மேஜையில், லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்காக அவளே ஓரம் அடித்துக் கொடுத்த ஊதாத் துணி. வங்கிக்காரர் போன் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரதர், கார் வேணும். உடனே வேணும்." நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அவர் எழப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். "கண்டிப்பா போலாம் சிஸ்டர். இதோ. உக்காருங்க, தண்ணி குடிங்க. எல்லாருமா ஒரு நிமிஷம் ஜெபிச்சிட்டுக் கிளம்பிடுவோம்."

"பெரியாஸ்பத்திரில என் ஃப்ரெண்ட் இருக்கா. கேக்குறேன்" என்று நர்ஸ் கையை நீட்டினாள். அவள் போன் கூடையில் இருந்தது. அதற்குள் வங்கிக்காரர் கண்களை மூடிவிட்டார். சுற்றிலும் தலைகள் கவிழ்ந்தன. நர்ஸின் கை கூடை விளிம்பு வரை வந்து, திரும்பிப் போய் மடியில் உட்கார்ந்துகொண்டது.

"ஆண்டவரே," என்று தொடங்கினார், "தனிமையில இருக்குறவங்களத் தேடிப்போக எங்களுக்குக் கிருப செஞ்சீங்க..."

கண்ணை மூடினால் கதவுதான் தெரிந்தது. கதவுக்குள்ளே, தரையில் கிடந்தபடி, ஒரே ஒரு நம்பரை அழுத்தி அழுத்திப் பார்க்கிற கை. அணைத்து வைத்திருந்த போன் பிஸ்கட் டின்னுக்குள். தலையணையில் அவள், நிம்மதியாய்.

போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டாள். எட்டி, வங்கிக்காரர் மடியில் இருந்த கூடையில், இருண்டு கிடந்த மற்றப் போன்களுக்கு மேல் வைத்தாள்.

மணிச் சத்தம் கேட்டதும் ஜெபம் தடுமாறியது. "அந்தப் பெரியவருக்கு... அந்தப் பெரியவர..." அப்புறம் நின்றுவிட்டது. ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள். யாரும் ஆமென் சொல்லவில்லை.

"எடுங்கண்ணே" என்றாள் கூடையைப் பார்த்து. "நான்தான். பட்டன்."

வங்கிக்காரர் அவசரமாகக் கார் சாவியைத் தேடினார். சட்டைப்பையைத் தட்டினார், கால்சட்டைப்பையைத் தட்டினார், மறுபடி சட்டைப்பையைத் தட்டினார். சாவி எதிரே ஊதாத் துணியின் மேல் கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஓய்ந்தது. அவள் கையை நீட்டி மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.