கிரீன்லாந்துக் கப்பல்கள் வந்த துறையில் ஒரு சனிக்கிழமை

கோப்பன்ஹேகனுக்கு வருகிறவர்கள், கடற்கன்னி சிலையையும் அரண்மனையையும் விட்டால் வேறு எதைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் கிறிஸ்தியன்ஸ்ஹவ்ன் என்ற பகுதியைச் சொல்வேன். ஏன் என்று விளக்க, 2009ஆம் ஆண்டு மே மாதக் கடைசிச் சனிக்கிழமை நான் அங்கே போன கதையைச் சொல்ல வேண்டும்.

இலங்கையில், வன்னியில் போர் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நாங்கள் மட்டக்களப்பு. என் தம்பி யோகேஸ்வரன் மட்டும் கிளிநொச்சியில் கல்யாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டவன். ஏப்ரலுக்குப் பிறகு அவனிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ ஒரு தகவலும் இல்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேலைக்குப் போவதும், வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருவதுமாக இருந்தேன்.

வேலை செய்த பண்டகசாலையில் என் எதிர் மேசையில் பொதி கட்டுகிறவள் கிர்ஸ்டன். நாற்பத்தாறு வயது. முகத்தைப் பார்த்தாலே கிரீன்லாந்துக்காரி என்று தெரியும். ஆனால் ஆறு வருடப் பழக்கத்தில் அவள் அந்த ஊரைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அந்த வாரம் தேநீர் இடைவேளையில் திடீரென்று சொன்னாள். கிரீன்லாந்தில் பிறந்தவளாம். எட்டு வயதில், டேனிஷ் படித்து வரட்டும் என்று ஒரு வருடத்துக்கு டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஒரு குடும்பத்திடம் அனுப்பினார்களாம். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. பிள்ளைகள் அதிகம், அதனால் தாய் தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்றுதான் அவளிடம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இப்போது அவளுடைய தம்பி ஒருவன் இருதயச் சிகிச்சைக்குக் கோப்பன்ஹேகன் வந்திருக்கிறான். தாதி ஒருத்தி மூலம் அவளைக் கண்டுபிடித்து, சனிக்கிழமை சந்திக்கக் கேட்டிருக்கிறான். அவனுக்கு டேனிஷ் வராது. அவளுக்குக் கிரீன்லாந்து மொழி மறந்து முப்பத்தெட்டு வருடம்.

நாங்கள் இருவரும் டேனிஷில்தான் கதைப்போம். அதை என் தமிழில் தருகிறேன். "தனியப் போகப் பயமா இருக்கு. நீ வாறியா?" என்று கேட்டாள்.

எனக்கு வீட்டை விட்டு அசைய மனமில்லை. கணவரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். "போயிட்டு வாரும். ஃபோனை நான் பாக்கிறன்" என்றார். போகும்போது மகளிடம், யாராவது எடுத்தால் பெயரையும் நம்பரையும் எழுதி வை என்று தமிழில் சொன்னேன். அவள் வழக்கம்போல டேனிஷில் சரி என்றாள்.

ஹோர்சன்ஸிலிருந்து கோப்பன்ஹேகனுக்கு நேர் ரயில் உண்டு. காலை 7.52க்கு ஏறி 10.30க்கு இறங்கினோம். அப்போது ஒருவழிச் சீட்டு முந்நூறு குரோனருக்குச் சற்று மேல். முன்கூட்டியே வாங்கினால் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். நாங்கள் முதல் நாள் முடிவெடுத்தபடியால் முழு விலை. போகும்போது இடதுபக்க ஜன்னல், வலதுபக்க ஜன்னல் என்று அலைய வேண்டாம். பெரிய பெல்ட் கடலைக் கடக்கும்போது பாலத்தின் மேல் இரண்டு பக்கமும் தண்ணீர்தான். கிர்ஸ்டன் அதைக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிய கோப்பி ஆறி ஆடை படியும்வரை கையில் வைத்திருந்தாள்.

மத்திய நிலையத்திலிருந்து துறைமுகப் பக்கம் இரண்டரைக் கிலோமீட்டர். நடந்தோம், முக்கால் மணி நேரம். பாலம் கடந்ததும் கிறிஸ்தியன்ஸ்ஹவ்ன் சதுக்கம் வரும். மெட்ரோவில் வந்தாலும் அங்கேதான் இறங்க வேண்டும். சதுக்கத்தில் கருங்கல்லில் ஒரு சிற்பத் தொகுதி நிற்கிறது. படகோடு ஒரு கிரீன்லாந்து வேட்டைக்காரன், மீன் வேலை செய்யும் பெண்கள். உழைக்கும் மனிதர்களாக, கம்பீரமாக இருக்கிறார்கள். சிலைக்குக் கீழே வாங்கில்களில் அன்று ஏழெட்டுக் கிரீன்லாந்துக்காரர்கள் பியர்க் கேன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நகரத்து ஆட்கள் மேலே நிற்கும் கல்லைப் படமெடுத்தார்கள், கீழே இருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவர்களில் தாடி நரைத்த ஒருவர் கிர்ஸ்டனைப் பார்த்துத் தன் மொழியில் ஏதோ சொன்னார். வணக்கமாகத்தான் இருக்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொண்டு என் கையைப் பிடித்து இழுத்தபடி நடந்தாள். தெரு திரும்பிய பிறகுதான் பேசினாள். பஸ்ஸிலும் கடையிலும் தன்னையும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று வாழ்நாளெல்லாம் பயந்தாளாம். அதற்காகவே அவள் பியரைத் தொட்டதில்லை, சத்தமாகச் சிரித்ததில்லை.

சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடையில், தெருவின் கடைசியில் பழைய துறை. பதினெட்டாம் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்று தண்ணீரோரம் உயர்ந்து நிற்கிறது. ஏறக்குறைய முந்நூறு வருடங்களுக்கு முன் டென்மார்க் ராச்சியத்திலிருந்து ஒரு பாதிரியார் கிரீன்லாந்துக்குக் கப்பலேறினார். அவருக்குப் பின்னால் வியாபாரம் போனது. வேறு எந்த நாட்டுக் கப்பலும் கிட்ட வராதபடி அரசே வியாபாரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டது. திமிங்கில எண்ணெய், சீல் தோல், உலர்ந்த மீன் எல்லாம் இந்தத் துறையில்தான் இறங்கின. 1953இல் குடியேற்ற நாடு என்ற பெயரை எடுத்துவிட்டு டென்மார்க்கின் ஒரு பகுதி என்றார்கள். அதன்பின் அங்கே உள்ளவர்களை வேகமாக டேனிஷ்காரர் ஆக்க வேண்டும் என்ற அவசரம் வந்தது. பிள்ளைகளை இங்கே அனுப்பியது அந்த அவசரத்தில்தான். நாங்கள் போன அன்று, மூன்று வாரத்தில் வரவிருந்த கிரீன்லாந்துத் தன்னாட்சி நாளுக்கான அறிவித்தல் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது.

அதை வாசித்துக்கொண்டு நின்றபோது மனம் ஒரு மாதிரி ஆனது. நாங்கள் ஒன்றுமில்லாமல் வந்தபோது கதவைத் திறந்து, வீடும் மொழி வகுப்பும் தந்த நாடு இது. அந்த நன்றி எனக்குப் போகாது. அதே நாடு எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்படியும் செய்திருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது என்று அங்கே நின்றுதான் விளங்கிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு மாலிக் வந்தான். அதுதான் தம்பியின் பெயர். நாற்பத்திரண்டு வயது, சிகிச்சையால் மெலிந்திருந்தான். நான்கு மணிக்குள் நோயாளர் விடுதிக்குத் திரும்ப வேண்டும். தூரத்திலேயே நின்று, "அவியாயா" என்று கூப்பிட்டான். எனக்கு யாரைக் கூப்பிடுகிறான் என்று தெரியவில்லை. கிர்ஸ்டனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது அவளுடைய பெயர் என்று புரிந்தது. கிர்ஸ்டன் என்பது வளர்த்த குடும்பம் வைத்தது.

இருவரும் கட்டிக்கொண்டார்கள். பிறகு வாங்கிலில் உட்கார்ந்தார்கள். விடுதியின் மொழிபெயர்ப்பாளர் வார நாட்களில்தான் வருவார். மாலிக் ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தான். கடற்கரைப் பாறையில் நின்றபடி தண்ணீரைப் பார்க்கும் ஒரு பெண். அவன் படத்தைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னான். திரும்பவும் மெதுவாகச் சொன்னான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனானா எண்டு சொல்றான். அம்மா எண்டு அர்த்தம். அது மட்டும்தான் எனக்கு விளங்குது."

அரை மணி நேரம் அப்படியே போனது. இரண்டு வார்த்தை டேனிஷ், கைச் சாடை, கண்ணீர். அவள் சட்டென்று எழுந்தாள். "அந்தச் சதுக்கத்து மனிசனைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றாள். நான் கூடப் போகக் கேட்டேன். வேண்டாம், தம்பியோடு இரு என்றாள்.

இருபது நிமிடத்தில் அந்தத் தாடிக்காரரோடு வந்தாள். அவர் பெயர் யோனாஸ். பியர் இல்லை. முகம் கழுவித் தலைமயிரை நீரால் படிய வாரியிருந்தார். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் நிறுத்தி நிறுத்தி மாற்றிச் சொன்னார். எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

தாய் அவளை வேண்டாம் என்று விடவில்லை. ஒரு வருடத்துக்கு என்று சொல்லி நீட்டிய டேனிஷ் தாளில், வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தாள். வருடம் முடிந்ததும் ஒரு கடிதம் வந்தது. பிள்ளை அங்கே சந்தோஷமாக இருக்கிறாள், திரும்பி வர விருப்பமில்லை என்று அதில் இருந்ததாம். தாய் அதை நம்பினாள். நம்பியும், கோடையில் கப்பல் வரும் நாட்களில் அந்தப் பாறைக்குப் போவதை நிறுத்தவில்லை. படம் அப்படி ஒரு நாளில் எடுத்தது. ஆறு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டாள்.

அவியாயா படத்தை மடியில் வைத்தாள். பிறகு யோனாஸிடம் சொன்னாள்: "நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

யோனாஸ் அதை மாலிக்கிடம் இரண்டு தடவை சொன்னார்.

கொஞ்சம் ஆறிய பிறகு மாலிக் என்னைப் பற்றி விசாரித்தான். இலங்கை என்றேன், போர் முடிந்துவிட்டது என்றேன். உன்னுடைய ஆட்கள் யாரும் அங்கே இருக்கிறார்களா என்று யோனாஸ் வழியாகக் கேட்டான். தம்பி என்று சொன்னேன், தகவல் இல்லை என்று சொன்னேன். அவன் பெயர் என்ன என்று கேட்டான். டேனிஷில் பெயர் கேட்கும்போது, உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு சொல், இறந்தவர்களுக்கு ஒரு சொல். யோனாஸ் இருக்கிறவர்களுக்கான சொல்லில் கேட்டார். அந்தப் பன்னிரண்டு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. 'உங்கட தம்பி' என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள். யோகேஸ்வரன் என்றேன். மாலிக் அதைச் சரியாக வரும்வரை நான்கு தடவை சொல்லிப் பார்த்தான். அங்கேதான் நான் முதன்முதலாக அழுதேன்.

நான்கு மணிக்கு மாலிக்கை விடுதியில் விட்டோம். யோனாஸ் நாங்கள் நீட்டிய காசை வாங்காமல், கோப்பியும் பாணும் போதும் என்று சொல்லிவிட்டு, சதுக்கத்துக்கு நடந்தே போனார். மாலிக் ஜூன் நடுவில் நல்லபடியாக ஊர் திரும்பினான். அடுத்த கோடையில் அவியாயா அங்கே போய் மூன்று வாரம் இருந்தாள். மொழி வகுப்பில் சேர்ந்தும் நாக்கு முழுதாக வளையவில்லை என்கிறாள். இப்போது வேலையிடத்துப் பெயர் அட்டையில் அவியாயா என்றே இருக்கிறது.

ஆகஸ்டில் முகாமிலிருந்து தம்பி மனைவியின் கடிதம் வந்தது. அவளும் பிள்ளையும் இருக்கிறார்கள். கடைசி நாட்களில் சனத்துக்குள் தம்பியைத் தவறவிட்டதாக எழுதியிருந்தாள். அதற்கு முன்பே, கோப்பன்ஹேகன் போய்வந்த திங்கட்கிழமையே, காணாமற்போனவர்களைத் தேடும் படிவத்தை நான் நிரப்பிவிட்டேன். அதை நிரப்பினால் அவனை நானே இல்லாமல் செய்துவிடுவேன் என்று அதுவரை தள்ளிப் போட்டிருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இப்போது எதிர்க்கரையிலுள்ள நூஹவ்ன் பக்கத்திலிருந்து துறைக்கு நேராக நடைபாலம் வந்துவிட்டது. ஆனாலும் சதுக்கம் வழியாகவே போங்கள். சிலையைப் படமெடுக்கலாம், வாங்கிலில் இருப்பவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். யாராவது வணக்கம் சொன்னால் பதில் சொல்லுங்கள். துறையில் மே மாதத்திலும் காற்று குத்தும், தடித்த சட்டை வேண்டும். எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

யாரையாவது தேடி வருகிறவர்களுக்கு இன்னொன்று. மாலிக்கின் ஆட்கள் அவியாயா என்ற பெயரில் பல வருடம் தேடியும், கிர்ஸ்டன் என்று பதிந்திருந்ததால் கிடைக்கவில்லை. தாதி பிறந்த நாளை வைத்துத் தேடியபோதுதான் கிடைத்தாள். ஆகவே பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ, அத்தனை விதமாகவும் எழுதிக் கொடுங்கள். என் தம்பியின் பெயரை நான் டேனிஷ் எழுத்தில் ஏழு விதமாகக் கொடுத்திருக்கிறேன். அவனைத் தேடும் கோப்பைத் தொடர்ந்து திறந்து வைக்கவா என்று கேட்டு, படிவம் கொடுத்த அலுவலகத்திலிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. ஓம் என்று எழுதி, வந்த அன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.