சீட்டில் எழுதிய ஸ்கேன்

தங்கச்சிமடத்தில் என் மனைவி செலின் இறால் தலை கிள்ளும் வேலைக்குப் போய்வந்தாள். ஐஸில் கை வைத்ததும் அவள் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாயும். "நாள் பூரா ஐஸ்ல கெடந்தா யாருக்குத்தேன் வெளுக்காது?" என்று தட்டிக்கழித்தவன் நான்தான்.

கையிலும் முகத்திலும் தோல் இறுகிப்போன பிறகே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரல் வெளுத்ததே இந்த நோயின் தொடக்கம், இது நுரையீரலையும் இறுக்கும் என்று சொல்லி, டாக்டரம்மா நெஞ்சு ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். அப்போது அவளுக்கு இருமல்கூட இல்லை. "தோலுக்கு வந்த நோய்க்கு நெஞ்ச எதுக்குடி படம் புடிக்கணும்?" என்று சீட்டை மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, நான் சங்கு குளிக்கப் போய்விட்டேன்.

அடுத்த வருடம், தண்ணீர்க் குடத்தோடு நாலு எட்டு வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு எட்டலங்க."

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "நுரையீரல்ல தழும்பு ஏறிருச்சு. விழுந்த தழும்பு இனி மாறாது. மேல பரவாம தடுக்கத்தான் மாத்திரை. போன வருசமே ஏன் எடுக்கல?"

செலின் முந்திக்கொண்டு சொன்னாள்: "நாந்தேன் பயந்துக்கிட்டு வரமாட்டேன்னுட்டேன்மா."

வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "டாக்டரம்மா உங்களத் திட்டுனா, குறுக்க பேச எனக்கு மூச்சில்ல" என்றாள்.

இப்போது சில மாதத்துக்கொரு முறை மூச்சுப் பரிசோதனை. உள்ளே "ஊதும்மா, இன்னும் ஊது, விட்றாத" என்று குரல் கேட்கும்போது, கதவுக்கு வெளியே நானும் ஊதுகிறேன். கடலடியில் மூச்சடக்கிப் பழகிய நெஞ்சு இது. அதில் ஒரு மூச்சைக்கூட அவளுக்குக் கொடுக்க முடியவில்லை.