சிங்கமீன் வேட்டைக்குப் புறப்படுமுன் பத்து நாள்

சனிக்கிழமை காலை 6.52. தென் லண்டனின் சட்டன் நிலையத்தில் ரயில் ஏறினேன். தோள்பையில் றப்பர் உடை, முகக்கண்ணாடி, முள் தைக்காத தடித்த கையுறைகள். விமானத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

நாங்கள் போக இருந்த இடம் கரீபியன் கடலோரத்து நாடான பெலீஸ். அந்தக் கடலின் பவளப்பாறைகளில் சிங்கமீன் பெருகிக் கிடக்கிறது. இந்துமாக் கடலிலும் பசிபிக்கிலும் பிறந்த மீன் அது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அதைத் தின்ன அநேகமாக எதுவுமில்லை. அதுவோ மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. ஆகவே காற்றுத் தொட்டி மாட்டிய சுழியோடிகள் கைஈட்டியோடு கடலுக்குள் இறங்கி ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கிறார்கள். அந்த வேலைக்கு ஆறு நாள் தொண்டர்களாகப் போக நானும் என் அண்ணையும் பதிந்திருந்தோம். விமானச்சீட்டு ஆளுக்கு 870 பவுண்.

ஸ்ட்ரெதமில் கூட்டம் ஏறியது. ஃபரிங்டனில் இறங்கி எலிசபெத் ரயில் பாதைக்கு மாறி, 8.10க்கு ஃபாரஸ்ட் கேட்டில் இறங்கினேன். சாலைவழி பார்த்தால் இருபது மைல் இருக்கும்.

அண்ணையின் பெயர் அன்ரன். வயது ஐம்பத்துநாலு. நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் மீன்கடை வைத்திருக்கிறார். மன்னாரில் பிறந்த அண்ணையும் தங்கச்சியுமான நாங்கள் இருவரும் நீந்தத் தெரியாமலே லண்டனுக்கு வந்தவர்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சுழியோட முதலில் படித்தது நான். அவர் போன வருடம் எகிப்துக்கு விடுமுறை போன இடத்தில் படித்துவிட்டு, சான்றிதழைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். நான் துள்ளிக் குதிக்காத குறை.

கடையின் பளிங்கு மேசையைக் கழுவித் துடைத்துவிட்டு அதன்மேல் பெலீஸ் வரைபடத்தை விரித்திருந்தார். பன்னிரண்டு சுழியோடல்கள், ஆழம் பதினெட்டு மீற்றருக்கு மேல் போவதில்லை. சிங்கமீனின் முதுகிலும் வயிற்றிலும் வால் பக்கத்திலும் நச்சு முள்ளு. குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் கையை வைக்க வேண்டும், அதனால் படகில் எப்போதும் சுடுதண்ணிப் போத்தல். பிடித்த மீனைப் போட முள் துளைக்காத கெட்டிக் குழாய். ஒருவர் குத்த, மற்றவர் குழாயைப் பிடிக்க வேண்டும். குத்துவது அவர் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. ஒரு பாரை மீனை எடுத்து வைத்து, தலைக்குப் பின்னால் எந்த இடத்தில் ஈட்டி இறங்க வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். பத்தொன்பது வருடம் ஐஸில் கிடந்த மீனையே பார்த்து அலுத்துவிட்டது, ஒருமுறையாவது அது உயிரோடு ஓடும் இடத்தில் போய்ப் பிடிக்க வேண்டும் என்றார்.

அவருடைய மனைவி, என் மச்சாள், தேத்தண்ணி கொண்டுவந்தாள். பயமாக இல்லையா என்று என்னைத்தான் கேட்டாள். இல்லை என்றேன்.

10.20. அவருடைய மீன் ஏற்றும் வான் வண்டியில் நாலு மைல் போய், ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல்குளத்தை அடைந்தோம். மணித்தியாலத்துக்கு ஆளுக்கு 18 பவுண். எங்கள் குழுவை வழிநடத்தப்போகும் ஹெலன் அங்கே காத்திருந்தா. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை, மெதுவாகத்தான் பேசுவா. தண்ணீரில் இறங்குமுன் மருத்துவப் படிவத்தை நிரப்பித் தரச் சொன்னா.

அண்ணை பேனாவை எடுத்து மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் ‘இல்லை’, ‘இல்லை’ என்று கோடிழுத்துக்கொண்டு போனார். எப்போதாவது நுரையீரல் சுருங்கியிருக்கிறதா என்ற கேள்வியிலும் பேனா நிற்கவில்லை.

பதினாறு வருடத்துக்கு முன் ஒரு காலையில், கடையில் பெட்டி தூக்கும்போது அவருடைய இடது நுரையீரல் தானாகவே சுருங்கிப்போனது. விலாவில் குழாய் செருகி ஐந்து நாள் வைத்திருந்தார்கள். கட்டிலருகில் இருந்தது நான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் தொழில். அப்படிச் சுருங்கிய நுரையீரலோடு சுழியோடக் கூடாது என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. எகிப்திலிருந்து சான்றிதழ்ப் படம் வந்த அன்று, ஒரு டொக்டரைப் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் இந்தப் பயணம் இல்லாமல் போய்விடும்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே அவரை மறித்தேன்.

“டொக்டரிட்டைக் கேட்டனீங்களோ அண்ணை?”

“கேட்டா என்ன சொல்லுவாங்கள் எண்டு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.”

பதினாறு வருடத்தில் ஒரு இருமல்கூட வரவில்லை, அது ஆறிப்போன காயம் என்றார். படிவத்தை ஹெலனிடம் கொடுத்துவிட்டுக் காற்றுத் தொட்டியை மாட்டினார். நான் மீன் போடும் குழாயை எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பின்னால் நானும் இறங்கினேன்.

குளத்தின் ஆழமான பக்கம் நாலு மீற்றர். அடியில் ஹெலன் பிளாஸ்ரிக் மீன்களைக் கல்லில் கட்டி வைத்திருந்தா. ஈட்டி முனையில் றப்பர் மூடி. அண்ணை நன்றாகத்தான் குத்தினார். முதல் இரண்டும் குறி தப்பவில்லை. நான் குழாயைப் பிடித்தபடி அவருடைய வாயிலிருந்து வரும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதைக் குறிபார்க்கும்போது குமிழிகள் நின்றன. கை ஆடாமலிருக்க மூச்சை அடக்கியிருந்தார். அடக்கிய மூச்சோடு அவர் உடம்பு மெல்ல மெல்ல மேலே கிளம்பியது. குறியில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. மேலே போகப் போக நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரியும். வெடிக்க நாலு மீற்றர் ஆழமே போதும்.

நான் குழாயை விட்டுவிட்டு அவருடைய கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். திரும்பிப் பார்த்தார். மூச்சை விடும்படி கையால் காட்டினேன், நெஞ்சில் தட்டினேன், மறுபடி காட்டினேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரிய குமிழிக் கூட்டம் வெளியே வந்தது. கணுக்காலை விடாமல் மெதுவாக அவரோடு மேலே வந்தேன்.

கரையைப் பிடித்தபடி, ஹெலனிடம் எல்லாவற்றையும் இங்கிலிசில் சொன்னேன். ஹெலன் அண்ணையின் தொட்டியைக் கழற்ற உதவி செய்தா. சுழியோடிகளைப் பார்க்கும் டொக்டர் ஒருவர் கையெழுத்துப் போடும்வரை அவர் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டா.

அண்ணை என்னைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னார்.

“இப்ப சந்தோசமோ உனக்கு?”

திரும்பும்போது அவருடைய வான் வண்டியில் ஏறவில்லை. பஸ்ஸும் ரயிலும் மாறி, தலைமயிர் ஈரமாகவே சட்டன் வந்து சேர்ந்தேன்.

புதன்கிழமை பிற்பகல் 3.30. சுழியோடிகளைப் பார்க்கும் டொக்டரிடம் வரச்சொல்லி மச்சாள்தான் அழைத்தாள். காத்திருக்கும் அறையில் அண்ணை சுவரைப் பார்த்தபடி இருந்தார். ஸ்கானுக்கு 385 பவுண் கட்டியிருந்தார்கள். டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பியதும், அவர் பேச முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு நுரையீரல்களின் உச்சியிலும் மெல்லிய தோலுடைய சின்னச் சின்னக் காற்றுப் பைகள். ஆழத்திலிருந்து மேலே வரும்போது அவற்றில் எதுவும் உடையலாம் என்றார் டொக்டர். விமானத்தில் போகலாம், சுழியோடல் இனி இல்லை.

ஐந்து மீற்றர்கூட ஏலாதா என்று அண்ணை கேட்டார். நீச்சல்குளத்தில்கூட வேண்டாம் என்றார் டொக்டர்.

அண்ணை தலையைக் குனிந்தார். மச்சாள் அவருடைய கையைப் பிடித்தாள். அன்றும் அண்ணை என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. நானும் போகாமல் விட்டுவிடலாமா என்று ஹெலனுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை தொலைபேசி எடுத்தார்.

“றெஜி, அந்தப் படகில ஐஸ் எவ்வளவு கொண்டுபோறாங்கள்?”

தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லச் சொன்னார். பிறகு அவரே பேசிக்கொண்டு போனார். குழாயைப் படகில் திறக்கும்போதுதான் கை முள்ளில் படும். தொண்டர்கள் பாதிப்பேருக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது. முள்ளை வெட்டி, மீனை அளந்து, வயிற்றைக் கிழித்து அது என்ன தின்றது என்று குறிக்க ஒரு ஆள் வேண்டும். பெலீஸில் இந்த வேட்டையை நடத்தும் ஆய்வு நிலையம் அந்தக் குறிப்பைக் கேட்டிருக்கிறது என்பதையும் வாசித்து வைத்திருந்தார். நான் ஹெலனோடு இறங்குவது, அவர் படகில் நிற்பது என்று திட்டத்தை மாற்றினோம். பேச்சு முக்கால் மணித்தியாலம் போனது. குளத்தில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 8.15, ஹீத்ரோ. பயணப்பொதிகளை எடுத்த பெண் நீளமான பொதியைக் காட்டி என்னவென்று கேட்டாள். நான் சொல்லுமுன் அண்ணை இங்கிலிசில் பதில் சொன்னார். அது மீன் குத்தும் ஈட்டி, என் தங்கச்சியுடையது, நான் மீன் வெட்டுகிறவன் என்றார்.

விமானத்தில் அவருக்கு யன்னலோர இருக்கை. ஓடுபாதையில் வரிசையில் நின்றபோது, முதலிலேயே கேட்காமல் விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்று எனக்குப் பட்டது. ஆகவே கேட்டேன்.

“இன்னும் கோபமோ அண்ணை?”

“ஓம்,” என்றார். கொஞ்சம் கழித்து, “கோபம்தான். எண்டாலும் வாறன்தானே.”

விமானம் கிளம்பியது. கீழே மேற்கு லண்டனின் கூரைகள் சாய்ந்து, சிறுத்து, முகிலுக்குள் மறைந்தன. அண்ணை யன்னலில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன்.