இரண்டாவது கூடை

பிரோஷ்காவைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரில் ஒருத்தரும் சொல்ல முடியாது. புருஷனைப் புதைத்த மறுவாரமே அவன் கடையைத் திறந்து கரண்டியைக் கையில் எடுத்தவள். வருஷம் பூராவும் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் மாதா கோயில் சதுக்கத்துச் சந்தையில் காளான் குழம்பு. பன்றிக்கொழுப்பில் வெங்காயம் வதக்கி, பாப்ரிக்கா மிளகாய்த் தூள் தூவி, புளித்த பாலாடை ஊற்றி இறக்கினாளானால், பக்கத்துக் கடை வாத்துக்கறிக்காரனே கிண்ணத்தோடு வந்து நிற்பான். அப்பேர்ப்பட்டவள்தான் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கடையைப் போட்டுவிட்டுச் சந்தை நடுவே தலைதெறிக்க ஓடினாள்.

மாத்ரா மலையடிவாரத்தில் காட்டுக்காளானை யோலானிடம் காட்டாமல் யாரும் சட்டியில் போடுவதில்லை. சந்தைக்கூடத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து, வருகிற கூடையையெல்லாம் புரட்டிப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துத் தருவது அவள் உத்தியோகம். பிறந்ததிலிருந்து காட்டிலேயே கிடக்கிற கிழவனும் அவள் முன்னால் கூடையை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பான். அன்று காலையில் பிரோஷ்காவின் கொழுந்தன் அம்புருஷ் பறித்துவந்த குளிர்காலக் காளானையும் அவள் பார்த்து, "அருமையா இருக்குடி, போய் ஆக்கு" என்று அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் சட்டி காலி. கூட்டமோ விடுவதாக இல்லை. அம்புருஷ் மறுபடி மலைக்குப் போய் இன்னொரு கூடை கொண்டுவந்தபோது யோலான் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தாள்.

"யோலான் அக்கா வீட்டுல ஒரு நடை காட்டிட்டு வந்துடு" என்றாள் பிரோஷ்கா.

"எதுக்கு அண்ணி? காலையில பறிச்ச அதே மரக்கட்டைதான். பார்த்த கட்டையையே எத்தனை தரம் பார்ப்பாங்க? ஜனங்க குளிர்ல விறைச்சுப்போய் நிக்குது, அடுப்பைப் பத்தவைங்க."

அதே கட்டை என்றதும் பிரோஷ்கா மசிந்துவிட்டாள். யோலான் பார்த்தது காளானை. இவர்களோ கட்டையையே பார்த்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே கட்டையில் நல்லதும் கெட்டதும் தோளோடு தோள் ஒட்டி முளைக்கும் என்பது அந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்! அம்புருஷ் நறுக்கிக் கொட்டினான், அவள் கிளறினாள், உப்புப் பார்க்க ஒரு கரண்டி வாயிலும் ஊற்றிக்கொண்டாள்.

அந்தச் சட்டிக்கு முதலில் வந்தது ஒரு போர்ச்சுகல் ஜோடி. ஐரோப்பா முழுக்கச் சந்தை சந்தையாகத் தின்றுகொண்டே வருகிறார்களாம். வியன்னாவில் தின்ற சுட்ட கஷ்கொட்டை, கிராகோவில் தின்ற புகையிட்ட பாலாடைக்கட்டி என்று போனில் படம் படமாகக் காட்டினார்கள். அடுத்தது எல்லை தாண்டிக் கஷ்ஷா நகரம். இருட்டும்போது கிளம்புகிற பஸ். அந்தப் பெண் ஒரு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிரோஷ்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வேண்டாம் வேண்டாம் என்றவர்களுக்கு வம்படியாக இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டாள்.

அப்புறம் ரொட்டி தீர்ந்துபோகவே, நான் வரும்வரை யாருக்கும் போடாதே என்று அம்புருஷைக் கடையில் விட்டுவிட்டு வாங்கப் போனாள். திரும்பி வந்து கூடையை எடுத்துக் கவிழ்த்தபோது, அடியில் ஒட்டிக்கிடந்த ஒரே ஒரு காளான் மேசையில் விழுந்தது. அதன் தண்டைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம். குளிர்காலக் காளானுக்கு வளையம் கிடையாது.

அடுப்பை அணைத்தாள், சட்டியை மூடினாள். மலைக்கு மேலே ஒரு குடும்பத்துப் பெண்ணை இந்தக் காளான் கொண்டுபோனது அவளுக்குத் தெரியும். தின்ற கையோடு ஒன்றும் செய்யாது. ராத்திரியெல்லாம் வாந்தி, பேதி. பிறகு ஒரு நாள் சுத்தமாகத் தெளிந்து, எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசினாள் அந்தப் பெண். பிழைத்துக்கொண்டாள் என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஈரல் அழுகிப்போயிருந்தது.

"இந்தச் சட்டியிலேருந்து வேற யாருக்குப் போட்டே?"

"யாருக்கும் இல்ல அண்ணி. அந்த ரெண்டு பேருதான்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீங்க ஏன் இப்படிப் பதர்றீங்க? அடியில ஒண்ணு கிடந்தா சட்டியிலயும் விழுந்திருக்கணுமா? சும்மா இருங்க. அவங்க நாளைக்கு எந்த ஊர்லயோ! எங்க சாப்பிட்டது ஒத்துக்கலைன்னு யாருக்குத் தெரியப்போவுது? வெளியில தெரிஞ்சா கடைக்கு சீல், நமக்கு ஜெயிலு."

அவன் சொன்னது அவள் மனதிலும் ஓடாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் இனி ஒரு பாத்திரத்தைத் தொட விடுவார்களா? பெற்றவர்கள் காறித் துப்பமாட்டார்களா? உப்புப் பார்க்கத் தானும் தின்ற அந்த ஒரு கரண்டி வேறு நினைவுக்கு வந்தது. சதுக்கத்து விளக்குகள் எரியத் தொடங்கின. இருட்டிக்கொண்டு வந்தது.

"யாருக்குத் தெரியப்போவுதுன்னா கேக்கறே? எனக்குத் தெரியுமேடா, பாவி!"

காளானை ஏப்ரனில் முடிந்துகொண்டு ஓடினாள். வழியெல்லாம் உறைபனி. சுடவைத்த ஒயின் கடைக்காரன், "என்ன பிரோஷ்கா, மாப்பிள்ளை கிடைச்சுட்டானா, இந்த ஓட்டம் ஓடறே?" என்று சிரித்தான். அவள் காதில் எதுவும் விழவில்லை. பஸ் போயிருந்தால்? எல்லை தாண்டிவிட்டால்? பெயர்கூடத் தெரியாதே!

பஸ் நின்றிருந்தது. கதவு மூடிக்கொண்டிருந்தபோது கையைக் கொடுத்துத் தடுத்து ஏறினாள். முன்சீட்டில் அந்த ஜோடி. அவளைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் மலர்ந்தது. அந்தப் பெண் வயிற்றைத் தடவிக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். பிரோஷ்கா டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா, டிக்கெட்டா?" என்றான் டிரைவர்.

"வண்டியை எடுக்காதே தம்பி. இவங்க சாப்பிட்டது என் கடைக் குழம்பு. அதுல விஷக்காளான் கலந்திருக்கு. யோலான்கிட்ட காட்டாம ஆக்கிட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

டிரைவர் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அந்த ஜோடிக்குச் சொன்னான். புருஷன்காரன் தலையை ஆட்டிச் சிரித்து, எங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று கையை விரித்தான். "இப்ப ஒண்ணும் இருக்காது, அதுதானே பயமே!" என்று பிரோஷ்கா காளானை எடுத்து நீட்டினாள். சிரிப்பு நின்றது. பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டாம ஆக்கினியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று நடுவிலிருந்து ஒருத்தன் கத்தினான்.

அப்போது கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க... கோயில் பக்கத்துல, பச்சைக் கூரைக் கடையா?"

மடியில் ஒரு சிறுமியை வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண். பிரோஷ்கா அவளைப் பார்த்ததே இல்லை.

"ஆமா. ஏன் கேக்கறே?"

"நீங்க இல்ல, ஒரு ஆம்பளை இருந்தாரு. பாப்பா சட்டியையே பார்த்துக்கிட்டு நின்னாளேன்னு கூப்பிட்டு ஒரு கிண்ணம் குடுத்தாரு." சொல்லச் சொல்ல அவள் குரல் மேலே ஏறியது. "காசுகூட வேணாம்னுட்டாரு!"

சத்தியமா என்று கேட்டதற்குச் சத்தியமா என்றானே! டிரைவர் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் ஒடித்துத் திருப்பினான். பிரோஷ்கா கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கடைசி வரைக்கும் நடந்து அந்தக் குழந்தையின் காலடியில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவுடா கண்ணு சாப்பிட்டே?"

நல்ல பெயர் வாங்கப்போகிற சந்தோஷத்தில் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"மிச்சமே வைக்கல. கிண்ணத்தை நக்கிக்கூடச் சாப்பிட்டேன்."