சாயத்தில் முக்காத சல்லடை

புஜ்ஜிக்கா...

மதியம் உன் மகள் போன் பண்ணினாள். "அம்மா காலையில போய்ட்டாங்க ஆன்ட்டி."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சரோஜா என்கிற புஜ்ஜிக்காவும் நானும் எண்பதுகளில் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் வேலை பார்த்தோம். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கக் கடலுக்கு அடியில் துளை போடுவார்கள் இல்லையா... அதிலிருந்து வரும் மண்ணைச் சல்லடையில் கழுவும் வேலை.

கழுவினால் கடுகை விடச் சின்னச் சின்னச் சிப்பிகள் நிற்கும். ஜியாலஜி படித்த சார் ஒருவர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

"இது கரையோரம் வாழ்ந்தது, இது ஆழ்கடல்ல வாழ்ந்தது. எந்த அடுக்குல எது இருக்குன்னு பார்த்தா, பல கோடி வருஷம் முன்னாடி கரை எங்க இருந்துச்சு, எண்ணெய் எங்க ஊறியிருக்கும்னு சொல்லிடலாம்மா" என்பார்.

நீ விடுவாயா... "அப்போ எங்க ஊரு நூம்பல்லயும் பீச் இருந்துச்சா சார்? சுண்டல் வித்துகினு இருந்திருப்பாங்களா?" சாருக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஒரு பை மண் கழுவியதும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்க வேண்டும். கம்பியில் ஒட்டிக்கொண்ட பழைய சிப்பி நீலமாகிவிடும். அடுத்த மண்ணில் அது கலந்தாலும் சார் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் எங்கள் விரலெல்லாம் எப்போதும் நீலம். "இன்னாமா, இங்க் பாட்டில்ல கைய உட்டியா?" என்பார் பஸ் கண்டக்டர்.

ஆவடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிற வாரம்... இந்த விரலைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று பயம். நாலு நாள் நான் சாயத்தில் முக்கவே இல்லை. சும்மா தண்ணீரில் அலசிவிட்டு அடுத்த மண்ணைப் போட்டேன்.

"இன்னாடி, கை வெளுத்துகீது? மாப்ள வர்ற பளபளப்பா?" என்று கேலி பண்ணினாய். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன் என்று பொய் சொன்னேன்.

நிச்சயம் முடிந்த பிறகு விஷயம் வெடித்தது. ஆழ்கடல் இருந்த இடத்தில் கரை இருந்ததாக சார் வரைபடத்தில் போட்டுவிட்டார். அதே மண்ணை வேறு லேபில் கழுவிப் பார்த்தவர்கள், மேல் அடுக்குச் சிப்பி கலந்துவிட்டது என்று எழுதி அனுப்பினார்கள்.

எனக்கு அப்போது எழுத்து சரியாக வராது. நான் கழுவிய மண்ணுக்கும் நீதான் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவாய்.

"யாரும்மா கழுவினது இதை?" மேனேஜர் கத்தினார்.

நீ சீட்டைப் பார்த்தாய். "என் கையெழுத்துதான் சார்."

நான் பக்கத்திலேயே நின்றேன்... தரையைப் பார்த்துக்கொண்டு. சொன்னால் வேலை போய்விடும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. உன் ஒருத்தி வேலையை நம்பித்தான் அந்த வீடு.

நீ பட்டாபிராமில் பாத்திரம் தேய்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்துவிட்டு, தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த ட்ரெயின் போகிற வரைக்கும்...

கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை கூட வைக்கவில்லை. நீயே வந்தாய்.

"கூப்டலன்னா வர மாட்டேனாடி?" பந்தியில் ஆள் பற்றவில்லை என்று முந்தானையைச் செருகிக்கொண்டு சாம்பார் ஊற்றினாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை.

அப்புறம் எத்தனையோ தடவை போன் பண்ணினேன். பிள்ளைகளைப் பற்றி, சுகரைப் பற்றி, மழையைப் பற்றியெல்லாம் பேசினேன். இதை மட்டும் பேசவில்லை.

இன்றைக்கு இங்கே எழுதி எல்லோர்கிட்டயும் சொல்லிவிட்டேன். உன்கிட்ட மட்டும் சொல்லவில்லை.

போய் வா அக்கா.

நான்தான்னு தெரிஞ்சேதான் அன்னிக்கு என் கல்யாணத்துக்கு வந்தியா?