தூக்குவதா, இறுக்குவதா?

எந்தத் தொழிலிலும் வாடிக்கையாளர் வேலையைத் தானே செய்து காட்டிக்கொண்டு உள்ளே வருவதில்லை. எங்கள் தொழிலில் மட்டும் கன்னத்தை இரண்டு விரலால் மேலே தூக்கிப் பிடித்தபடியேதான் படியேறுவார்கள்.

மதுரையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் ஆறு வருடம் ஆலோசகராக இருந்தேன். டாக்டருக்கும் வருகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் அடி வாங்குவதற்குப் பெயர் ஆலோசகர். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய எல்லோருக்கும் என் பாடு புரியும்.

தொங்கும் முகத்துக்கு எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஆபரேஷன்: காதோரம் கீறி, தளர்ந்த தோலையும் அடியில் இருக்கும் தசையையும் இழுத்துத் தைப்பது. இன்னொன்று, இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த மெஷின்: கத்தி கிடையாது, தோலுக்கடியில் சூடு கொடுத்துக் கொஞ்சம் இறுக்கும். அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லியிருப்பேன். ஒருவர் காதிலும் அது விழுந்ததில்லை.

இரண்டு விரல் வைத்தியம்

மேலூரிலிருந்து சௌந்தரம் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கணவர் நெல் மண்டி வைத்திருந்தார். சர்க்கரை வந்த பிறகு விடாமல் நடந்து, சோற்றைக் குறைத்து, ஒரே வருடத்தில் ஆளே பாதியாகிவிட்டார். சர்க்கரை இறங்கியது, எடை இறங்கியது, கூடவே கன்னமும் தாடையும் இறங்கிவிட்டன. துணைக்கு நாத்தனாரும், மகள் பிரியாவும் வந்திருந்தார்கள். பிரியா இன்ஜினீயரிங் காலேஜில் பாடம் எடுப்பவள். செல்போனை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

நாத்தனார் இரண்டு விரலை சௌந்தரம் அம்மாவின் கன்னத்தில் வைத்துக் காதுப் பக்கமாக இழுத்து, “இம்புட்டுப் போதும் மதினி” என்றார். இவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம்” என்றார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, “இந்த அளவுதான், டாக்டருகிட்டச் சொல்லுங்க” என்றார். டாக்டர் வரும்வரை நான் அந்தக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் வந்து பார்த்து, இவ்வளவு தளர்ச்சிக்கு மெஷின் போதாது, செய்வதானால் ஆபரேஷன்தான், ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் தப்பில்லை என்றார். கடைசியில் சொன்னதை வழக்கம்போல யாரும் கேட்கவில்லை.

சும்மா இருக்கலாமே, என்ன அவசரம் என்று நான் கேட்டேன். பிரியாவைப் பெண் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்தனவாம். இரண்டு மாப்பிள்ளைகளின் அம்மாக்களும் இவர் முகத்தையே பார்த்து, ‘உடம்புக்கு என்ன செய்யுது?’ என்று கேட்டார்களாம். இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே வாரத்தில் ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தகவல். “ஜாதகத்தைப் பாத்துட்டுத்தானே மேடம் வீட்டுக்கே வந்தாக. எம் மூஞ்சியப் பாத்துட்டு, குடும்பத்துல ஏதோ சீக்கு இருக்குன்னு ஓடிட்டாக.”

ஒரு கன்னம் சாம்பிள்

அன்றே இன்னொருவர் வந்தார். சௌராஷ்டிரக்காரர், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் தொழில். மெஷின் பற்றிப் பேப்பரில் படித்திருந்தார். ஒரு தடவையில் தெரியாது, சில தடவை வர வேண்டும், மாதக்கணக்கில் மெதுவாகத்தான் இறுகும், அதுவும் கொஞ்சம்தான் என்று எனக்குத் தொண்டை வறளும்வரை சொன்னேன். அவரும் மனைவியும் அவர்கள் வீட்டு மொழியில் அரை மணி நேரம் விவாதம் செய்தார்கள். ‘மெஷின்’ என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. அந்தம்மாள் அதைச் சொன்ன விதத்திலிருந்து அவருக்கு இஷ்டமில்லை என்றும் தெரிந்தது.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். சாயம் போடுபவர்கள் முழுச் சேலையையும் தொட்டியில் முக்குவதற்கு முன்னால் ஒரு முனையை நனைத்துக் காயவைத்துப் பார்ப்பார்களாம், அதுதான் தொழில் தர்மமாம். “ஒரு கன்னத்துல மட்டும் போட்டு விடுங்க மேடம். ஆறு மாசம் பாப்போம், பிடிச்சிருந்தா மறு கன்னத்துக்கு வாரேன்.”

படிவத்தில் இல்லாத கேள்வி

சௌந்தரம் அம்மா ஆபரேஷனுக்கே முடிவு செய்துவிட்டார். படிவத்தை நிரப்ப நான் உட்கார்ந்தேன். சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், முந்தைய ஆபரேஷன்கள் எல்லாம் கேட்டேன். இரண்டு பக்கப் படிவம், ஒரு கட்டம் பாக்கியில்லை. எனக்கே ஒரு பெருமை. பிறகு தழும்பைப் பற்றி விளக்கினேன். காதுக்கு முன்னால் இறங்கி, காதைச் சுற்றிப் பின்னால் போய், முடிக்குள் மறைந்துவிடும், தலையை வாரிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது என்றேன்.

நாத்தனார், “அப்ப மொட்டை?” என்றார்.

பிரியாவுக்குக் கல்யாணம் கூடிவந்தால் அழகர்கோவிலில் மொட்டை போடுவதாகச் சௌந்தரம் அம்மா கருப்பசாமியிடம் வேண்டியிருக்கிறார். அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால் நான் கேட்கவில்லையாம். முகம் சரியானால்தான் கல்யாணம் கூடும், கல்யாணம் கூடினால் மொட்டை, மொட்டை போட்டால் தழும்பு வெளியே தெரியும், அதே தலையோடு பெண்ணின் அம்மா மண்டப வாசலில் நின்று சந்தனம் நீட்ட வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. சரி, மொட்டையை முதலில் போட்டுவிடுங்கள், முடி வளர்ந்ததும் முகத்தைப் பார்ப்போம் என்றேன். காரியம் நடக்குமுன் காணிக்கை செலுத்த முடியாதாம். மூன்று தடவை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தோம். முடிவாக அவர் எழுந்து நின்று சொன்னார்: “கருப்புகிட்டச் சொன்ன வாக்க மாத்த முடியாது மேடம். டாக்டருகிட்டச் சொல்லித் தழும்ப வேணா மாத்துங்க.”

தனியாக வந்தவள்

ஆபரேஷன் முடிந்து தழும்பு நன்றாக ஆறும்வரை தலையில் கத்தி படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என்ன, கல்யாணத்தைத் தள்ளி வைத்துக்கொள்கிறேன் என்றார் சௌந்தரம் அம்மா. வியாழக்கிழமை தேதி குறித்தோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிரியா மட்டும் வந்தாள். அம்மாவுக்கு மெஷினே போதும் என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். போதாத மெஷினை எப்படிப் போதும் என்று சொல்வது? விடாமல் கேட்டாள். விடாமல் நான் ஏன் என்றேன். கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள். பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் போன் செய்து, எனக்கு இஷ்டமில்லை, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியவள் இவள்தான். கூட வேலை பார்க்கும் ஒருவரை மனதில் வைத்திருக்கிறாள். வீட்டில் சொல்லப் பயம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு மாதமாக அந்தம்மாள் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறார், இவள் பக்கத்திலேயே நின்று செல்போனை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நோயாளியின் மகளிடம் இப்படிப் பேசக் கூடாது என்று தெரிந்தேதான் பேசினேன். வியாழக்கிழமை காலை உன் அம்மா காதுக்கு முன்னால் கத்தி வைப்பார்கள், அதற்குள் வாயைத் திற, இல்லையென்றால் அந்தக் கத்தி நீ வைத்தது என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அம்மா அழுவாங்கன்னுதான்க்கா பயந்தேன். வெட்டிக்கிற அளவுக்குப் போவாங்கன்னு நெனைக்கல.”

பத்திரிகை

வியாழக்கிழமை அவர்கள் வரவில்லை. தியேட்டரைத் தயார் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்த டாக்டர் என்னைத்தான் முறைத்தார். போன் செய்தால் எடுக்கவில்லை. அந்தப் பெண் சொன்னாளா, சொல்லி வீட்டில் ரகளையா, என் வாயால் ஒரு குடும்பம் உடைந்ததா என்று நான் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்கெல்லாம் ஓவர்டைம் கிடையாது.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் சௌந்தரம் அம்மா தனியாகப் படியேறி வந்தார். தலை மழமழவென்று மொட்டை, அதில் சந்தனம். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. மாப்பிள்ளை உசிலம்பட்டிக்காரர், பிரியாவின் காலேஜிலேயே வேலை. மகள் சொன்ன அன்று ராத்திரி முழுக்க அழுததாகவும், கணவர் இரண்டு மாதம் யாரோடும் பேசாமல் இருந்து பிறகு தானாகவே மண்டபம் பார்க்கக் கிளம்பியதாகவும் சொன்னார். பேசும்போது கன்னம் அதே இடத்தில்தான் தொங்கியது. தொழில் புத்தி என்னை விடவில்லை. கல்யாணம் முடிந்ததும் முகத்துக்கு ஏதாவது செய்யலாமா, தூக்குவதா, இறுக்குவதா என்று கேட்டேன். அவர் மொட்டையைத் தடவிக்கொண்டே சிரித்தார். “இனி எவ எங் கன்னத்தப் பாக்கப் போறா? மண்டபத்துல அம்புட்டுப் பேரும் மொட்டையத்தான் பாப்பாக.”

கத்திக்கு ஏற்ற முகம் எது, மெஷினுக்கு ஏற்ற முகம் எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்க ஆறு வருடத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன், வீட்டில் நாலு வார்த்தை பேசினால் சரியாகிற முகத்தைக் கண்டுபிடிக்க மட்டும் எந்த மெஷின் கம்பெனிக்காரனும் வந்து பயிற்சி கொடுக்கவில்லை.